கட்டைவிரல் வைக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கேட்கக் கூடாத கேள்விகள் இரண்டு இருந்தன. இரண்டையும் வெண்டெல் புருசாக் வாரம் தவறாமல் கேட்டார்.

"புத்தகம் மாதிரி ரெண்டா விரியுமாமே?" இது மருமகனுக்கு.

"உருளைக்கிழங்கு இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றான் ரொம்மல்.

"ஒரே பலகையாமே? பத்து அங்குலமாமே?" இது மகளுக்கு.

"எனக்கும் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு" என்று காரின் தட்டை நீட்டினாள்.

வெண்டெலின் மனைவி இர்மா இருவருக்கும் வைத்தார். அவருடைய உருளைக்கிழங்கு மசியல் சுமாராகத்தான் இருக்கும். அது அவருக்கே தெரியும். முப்பத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் அதை யாரும் புகழ்ந்ததில்லை. சென்ற இலையுதிர் காலத்திலிருந்து ஞாயிறுதோறும் ஏழெட்டு முறை புகழ்கிறார்கள்.

காரின் கூப்பர்டினோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ரொம்மல் மவுண்டன் வியூவில், அதன் பரம எதிரிக் கம்பெனியின் கிளையில் இருந்தான். முதலாவதை வெண்டெல் பழக்காரர்கள் என்பார். இரண்டாவதை ஜன்னல்காரர்கள் என்பார். இரண்டு பேருமே கையில் பிடிக்கிற கம்ப்யூட்டர் ஒன்றை ரகசியமாகச் செய்துகொண்டிருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. சன்னிவேலில் முடி வெட்டுகிறவர் பேசினார். பல் டாக்டர், வாயில் கருவியை வைத்துக்கொண்டு பேசினார். பார்த்தவர் ஒருவரும் இல்லை. பழக்காரர்களுடையது ஒரே கண்ணாடிப் பலகையாம், விரலால் தொட வேண்டுமாம். ஜன்னல்காரர்களுடையது இரண்டு இலையாம், பேனாவால் எழுத வேண்டுமாம். அடுத்த மாதம் வரும் என்றார்கள். போன மாதமும் அப்படித்தான் சொன்னார்கள்.

காரினுக்கும் ரொம்மலுக்கும் கல்யாணமாகி நான்கு வருடம். மில்பிட்டாஸில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில் நீல டேப் ஒட்டியிருக்கும். இந்தப் பக்கம் அவளுடைய லேப்டாப், அந்தப் பக்கம் அவனுடையது, முதுகோடு முதுகாக. ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவர் திரையைச் சாத்த வேண்டும். வெண்டெல் அதை முதலில் பார்த்தபோது சிரித்தார். "சண்டையா?" என்று கேட்டார். "இல்ல மாமா, கல்யாணம்" என்றான் ரொம்மல்.

வெண்டெல் சும்மா வம்புக்குக் கேட்கிறவர் இல்லை. அவரே ஒரு சிலேட்டுக் கம்ப்யூட்டர் செய்தவர். 1991இல், டல்லிஸ் என்ற கம்பெனியில். இரண்டு கிலோ எடை. ஐம்பது நிமிடம் பேட்டரி. அதன் மேல் பேனாவால் தன் பெயரை எழுதினால் ஏதோ ஒரு நாட்டின் பெயராகப் படித்தது. ஊரில் யாரும் வாங்கவில்லை. இரண்டு வருடத்தில் டல்லிஸ் கதவைச் சாத்தியது. ஒரு சிலேட்டு மட்டும் வெண்டெலின் கராஜில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் இணையத்தில் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 'சிலேட்டும் சந்தேகமும்' என்று பெயர். ஆறு வருடமாக ஒரு வியாழக்கிழமையும் தவறியதில்லை. நாலாயிரம் பேர் படித்தார்கள். அவர் கேள்வி ஒன்றுதான்: அதை எங்கே வைப்பது? மேசையில் வைத்தால் கழுத்து வலிக்கும். மடியில் வைத்தால் வழுக்கும். ஒரு கையால் பிடித்து மறு கையால் தொட்டால், காபிக் கோப்பைக்கு மூன்றாவது கை வேண்டும். மனிதனுக்கு மூன்றாவது கை முளைக்கிற வரை எந்தக் கம்பெனியின் சிலேட்டும் விலை போகாது. படிப்பவர்கள் அவரை 'மூன்றாம் கை' என்றே அழைத்தார்கள். பழக்காரர்களின் ரசிகர்கள் திட்டி எழுதினார்கள். ஜன்னல்காரர்களின் ரசிகர்களும் திட்டினார்கள். வெண்டெலுக்கு அது பிடித்திருந்தது.

ஜனவரி பதினேழாம் தேதி நல்ல மழை. காரின் மட்டும் முன்னதாக வந்தாள். ரொம்மல் அவன் அம்மாவிடம் லும்பியா என்கிற பொரித்த சுருள்களை வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஏப்ரலிலிருந்தே அவள் அப்படித்தான் இருந்தாள். என்ன வேலை என்று கேட்டால் "சார்ஜர்" என்பாள்.

நேரே சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். இர்மாவிடம் வெட்டுப் பலகைகள் மூன்று இருந்தன. காரின் சிறியதை எடுத்தாள்.

"பீன்ஸ் வெட்டுறேன்மா."

"வெட்டி அடுப்புலயும் வச்சாச்சு. நீ போய் உக்காரு. பேய் மாதிரி இருக்க."

அவள் பலகையோடு கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் சாய்வு நாற்காலியில் விழுந்தாள். டிவியில் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. வெண்டெல் எதிர் சோபாவில் செய்தித்தாளோடு இருந்தார்.

அவர் தற்செயலாகத்தான் பார்த்தார்.

காரின் இடது காலை மடக்கி, முட்டியை உயர்த்தி, பலகையைத் தொடையில் சாய்த்து வைத்திருந்தாள். இடது கை அதன் ஓரத்தைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் மட்டும் பலகையின் மேல், விளிம்பை ஒட்டி, அசையாமல் கிடந்தது. கண் ஆட்டத்தில் இருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மரத்தில் மேலும் கீழுமாக மெல்லப் போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் பலகையைப் பக்கவாட்டில் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். அரை நொடி காத்திருந்தாள்.

எதற்காகக் காத்திருந்தாள்? படம் திரும்புவதற்காக.

மரத்தில் படம் திரும்பவில்லை. காரின் திடுக்கிட்டுப் பலகையைத் தரையில் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று அந்தக் கணத்தில் அவருக்கே பயம் வந்தது. நேராகத்தான் இருந்தது.

அன்று சாப்பாட்டில் அவர் இரண்டு கேள்விகளையும் கேட்கவில்லை. ரொம்மலுக்கு அது சங்கடமாக இருந்தது. யாரும் கேட்காமலே உருளைக்கிழங்கைப் புகழ்ந்தான்.

அவர்கள் போனதும் வெண்டெல் எஃகு அளவுகோலை எடுத்து வந்து பலகையை அளந்தார். ஒன்பதரைக்கு ஏழரை அங்குலம். பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காலை மடக்கினார். பலகையைத் தொடையில் சாய்த்தார். கழுத்து வலிக்கவில்லை. வழுக்கவில்லை. கட்டைவிரலை ஓரத்தில் வைத்தார். காபிக் கோப்பையை வலது கையில் எடுத்தார். குடித்தார்.

பத்தொன்பது வருடமாக அவரும் டல்லிஸ்காரர்களும் அதை மேசை என்று நினைத்தார்கள். அல்லது மடி என்று நினைத்தார்கள். வேலை செய்கிற மனிதனை நினைத்தார்கள். காலை மடக்கிச் சாய்ந்து கிடக்கிற மனிதனை ஒருவரும் நினைக்கவில்லை.

"இர்மா" என்று கத்தினார். "மூணாவது கை முட்டிதான்!"

"யார் முட்டி?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

திங்கட்கிழமை காலை பழக்காரர்கள் நிருபர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை, சான் பிரான்சிஸ்கோவில். எதற்கு என்று அதில் எழுதவில்லை. மதியத்துக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வரும் என்றது ஒரு பாதி. வந்தாலும் விளங்காது என்றது மறு பாதி. நியூயார்க்கில் ஒரு பெரிய செய்தித் தளத்தின் ஆசிரியை வெண்டெலுக்கு மின்னஞ்சல் எழுதினார். இந்த வாரப் பத்தியைத் தங்கள் முகப்பிலும் போட அனுமதி கேட்டிருந்தார். "உங்களைவிட அழகாகச் சந்தேகப்படுகிறவர் யாரும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

வெண்டெல் செவ்வாய்க்கிழமை காலை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். பத்தொன்பது வருடம் தவறாகக் கேட்டேன் என்று தொடங்கினார். அளவு எழுதினார். சாய்வு நாற்காலி எழுதினார். மடக்கிய கால் எழுதினார். கண்ணாடியைச் சுற்றி முக்கால் அங்குல ஓரம் இருக்கும், அது கட்டைவிரல் வைக்கும் இடம் என்று எழுதினார். டல்லிஸில் அந்த ஓரத்துக்காக அவர் மூன்று கூட்டங்களில் கத்தியிருக்கிறார். ஓரம் வீண் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் அவர்தான் ஜெயித்தார். அந்தச் சிலேட்டில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

இர்மா மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வெண்டெல் முழுவதையும் வாசித்துக் காட்டினார்.

"நீ எழுதினதுலயே இதான் நல்லா இருக்கு" என்றார் இர்மா.

"இல்ல?"

"எங்க பாத்தேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"யோசிச்சேன்னு சொல்லுவேன்."

"பத்தொன்பது வருஷமா வராத யோசனை ஒரே ஞாயித்துக்கிழமைல வந்துதாக்கும்."

"அவ ஒரு வார்த்த சொல்லல, இர்மா. நான் கேக்கவும் இல்ல."

"நான் கேட்டது அதில்ல." இர்மா ஒரு சுளையை அவர் பக்கம் நகர்த்தினார். "புருசாக்ங்கிற பேர் இந்த ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு?"

தொலைபேசிப் புத்தகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர் நாய் வைத்தியர். காரின் கல்யாணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றவில்லை.

"லீலண்ட ஞாபகம் இருக்கா?" என்றார் இர்மா.

இருந்தது. டல்லிஸில் வெண்டெலுக்கு அடுத்த இருக்கை. லீலண்டின் மனைவி, முடி திருத்தும் கடையில், தன் கணவர் பேனாவால் எழுதுகிற கம்ப்யூட்டர் செய்கிறார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தலையில் டவலோடு இருந்தவர் ஒரு பத்திரிகைக்காரரின் தங்கை. மறுநாள் காலை லீலண்ட் ஓர் அட்டைப் பெட்டியோடு வாசலைத் தாண்டிப் போனார். பெட்டிக்குள் ஒரு கோப்பையும் ஒரு கள்ளிச் செடியும் இருந்தன. யாரும் எழுந்து நிற்கவில்லை. வெண்டெலும் எழுந்து நிற்கவில்லை.

லீலண்டின் மனைவிக்காவது தெரியாது. வெண்டெலுக்குத் தெரியும். பெரிய தளத்தின் முகப்பில், புருசாக் என்ற பெயருக்குக் கீழே, சரியான அளவு. அதைப் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள். பிறகு காரினைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆறு வயதில் பிஸ்கட் திருடினால்கூடத் தானே வந்து சொல்கிற பெண்.

"சரி. போடல" என்றார். பிறகு, "அப்ப இந்த வாரம் ஒண்ணும் எழுதாம விட்டுடவா?"

இர்மா யோசித்தார். "ஆறு வருஷமா ஒரு வியாழக்கிழமை விடாதவன் இந்த வியாழக்கிழமை மட்டும் விட்டா?"

"கேப்பாங்க."

"கேக்கறது என்ன, எழுதியே போடுவாங்க. மூணாம் கை வாய மூடிடுச்சு, பொண்ணு அங்க வேல பாக்குறான்னு."

"அப்ப பழையபடியே எழுதணும்."

"எழுது. வழக்கமா எழுதுறதுதான?"

வழக்கமாக எழுதும்போது அவர் நம்பியதை எழுதினார். அது சுலபம். புதன்கிழமை முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுதியதைப் படித்தால் ஒப்புக்கு எழுதியது போல இருந்தது. நாலாயிரம் பேருக்கும் அவர் குரல் தெரியும். ஒப்புக்கு எழுதினால் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

கராஜுக்குப் போனார். பழைய சிலேட்டை எடுத்துத் தூசியைச் சட்டையில் துடைத்தார். கட்டைவிரலை ஓரத்தில் வைத்தார். முக்கால் அங்குலம். கட்டைவிரல் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? அளவெடுத்தது அவர் விரலில்தானே.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய் எழுதினார்.

அடுத்த புதன்கிழமை எதுவும் வராது என்று எழுதினார். வந்தால், இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய பெரிய பலகையாக இருக்கும். மேசைக்கான சாதனம் அது. சோபாவில் சாய்ந்துகொண்டு கம்ப்யூட்டர் பார்ப்பார்கள் என்று நினைப்பவர்கள் சோம்பேறிகள், சோம்பேறிகள் எதையும் வாங்குவதில்லை. கடைசி மூன்று வரிகளை எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. 'திரை விளிம்பு வரை ஓடும். ஓரம் என்று ஒன்று இருக்காது. அவ்வளவு கண்ணாடியை வீணாக்க உருப்படியான எஞ்சினியர் எவனும் சம்மதிக்க மாட்டான்.'

வியாழக்கிழமை அது வெளியானது. பெரிய தளம் முகப்பில் போட்டது. நியூயார்க் ஆசிரியை, அவர் எழுதியதிலேயே இதுதான் உறுதியானது என்று பாராட்டினார். அன்று மட்டும் அறுபதாயிரம் பேர் படித்தார்கள்.

அந்த ஞாயிறு காரின் வரவில்லை. வேலை என்றாள். ரொம்மல் மட்டும் வந்தான். சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு, அவளுக்குக் கொஞ்சம் மாட்டுக்கறி ரோஸ்ட் கட்டி எடுத்துக்கொண்டு போனான்.

"உன் பத்தியப் பத்தி அவ எதாவது சொன்னாளான்னு அவன்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றார் இர்மா.

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"உருளைக்கிழங்கு நல்லா இருந்துதாம்."

இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்கு வெண்டெலும் இர்மாவும் சமையலறைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அரங்கத்தில் இருந்த நிருபர்கள் நிமிடத்துக்கு ஒரு வரியும் ஒரு படமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் படம் வந்ததும் வெண்டெல் மேசையைத் தட்டினார்.

மேடையில் ஒரு சோபா நாற்காலி போட்டிருந்தார்கள்.

"ஐயோ பாவம் நீ" என்றார் இர்மா.

பிறகு ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, காலை மடக்கி, புதுச் சிலேட்டைப் பிடித்திருக்கும் படம் வந்தது. பிறகு அளவு வந்தது. இர்மா எழுந்து போய் வெட்டுப் பலகையை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெண்டெல் படத்தைப் பெரிதாக்கினார். அளவைக்கூட அவர் பார்க்கவில்லை. ஓரத்தைத்தான் பார்த்தார். சுற்றிலும், கறுப்பாக, அகலமாக. அங்கே யாருடையதோ ஒரு கட்டைவிரல் நிம்மதியாக இருந்தது.

"அழறியா?" என்று கேட்டார் இர்மா.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பேட்டரி பத்து மணி நேரமாம். நான் நம்பல."

மதியத்திலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. 'தாத்தா, கட்டைவிரலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்டார். 'உருப்படியான எஞ்சினியர்கள் சம்மதித்துவிட்டார்கள்' என்று இன்னொருவர். நியூயார்க் தளம் அவருடைய கடைசி மூன்று வரிகளையும் சோபாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விளக்கம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தது. யாரோ 'ஓரம் என்று ஒன்று இருக்காது' என்ற வரியை ஒரு பனியனில் அச்சடித்திருந்தார்கள். வெண்டெல் எல்லாவற்றையும் படித்தார். எதற்கும் பதில் எழுதவில்லை. வியாழக்கிழமை பத்தியில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: 'தவறிவிட்டேன்.'

நாலாயிரம் பேரில் ஆயிரம் பேர் அந்த வாரமே விலகினார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி மழை விட்டிருந்தது. காரினும் ரொம்மலும் சேர்ந்து வந்தார்கள். காரின் நன்றாகத் தூங்கியிருந்தாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நேரே கராஜுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் பழைய சிலேட்டு இருந்தது. அதை ரோஸ்ட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே வைத்தாள்.

"சாப்பாட்டு மேசைல என்னடி இது" என்றார் இர்மா.

"ஒரு நிமிஷம்மா." காரின் சிலேட்டின் ஓரத்தைத் தொட்டாள். "இது எவ்வளவுப்பா?"

"முக்கால் அங்குலம்."

"எதுக்கு முக்கால்?"

"அப்ப அப்படித்தான் செஞ்சாங்க."

"யாரு செஞ்சாங்க? எனக்கு அப்ப பத்து வயசு. இதே மேசைல என் கைய இழுத்து வச்சு, அட்டையில கட்டைவிரல வரைஞ்ச. அம்மாவுது வரைஞ்ச. தபால் கொண்டு வந்தவரோடதக்கூட வரைஞ்ச. அப்புறம் உன் விரல் அளவையே வச்ச. பெரியவங்க விரலுக்குச் சரியா இருந்தா எல்லாருக்கும் சரியா இருக்கும்னு எனக்குப் பாடம் வேற எடுத்த."

வெண்டெல் முள்கரண்டியைத் தட்டில் நேராக வைத்தார். பிறகு அதை எடுத்து மறுபடியும் வைத்தார்.

"முந்தின வாரம் வியாழக்கிழம பத்து மணிக்கு உன் பத்தியப் படிச்சேன்" என்றாள் காரின். "எங்க ரூம்ல எல்லாரும் படிச்சாங்க. சத்தமா படிச்சு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கடைசி மூணு வரி வந்ததும் எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டேன்."

"ஏன்?"

"உலகத்துல யார் வேணா ஓரம் வீண்னு எழுதலாம். நீ எழுத மாட்ட. நீ எழுதியிருக்கேன்னா பாத்திருக்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தப் பலகையப் போட்டுட்டு உன்னப் பாத்தேன் இல்ல? நீ பேப்பர் படிச்சுட்டு இருந்த. அப்பவே சந்தேகம். பக்கத்தத் திருப்பவே இல்ல நீ."

"சுவாரசியமான பக்கம்" என்றார் வெண்டெல்.

"ரியல் எஸ்டேட் விளம்பரம்ப்பா."

இர்மா சிரித்துவிட்டார். ரொம்மல் எதுவும் புரியாமல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். மெல்லப் புரிந்தது. புரிந்ததும் லும்பியா ஒன்றை எடுத்து மாமனாரின் தட்டில் வைத்தான். பிறகு இன்னொன்றும் வைத்தான்.

"பனியன் ஒண்ணு வாங்கியிருக்கேன் உனக்கு" என்றாள் காரின். "உன் வரி போட்டது. ரெண்டு வாங்கினேன். எனக்கும் ஒண்ணு."

"போட மாட்டேன்."

"நான் போடுவேன். ஆபீசுக்கே போட்டுட்டுப் போவேன். எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது." அவள் எழுந்து வந்து அவர் தலை உச்சியில் முத்தம் கொடுத்தாள். "சரி, இப்ப சொல்லு. நிஜமா என்ன நினைக்கிற? ஓடுமா, ஓடாதா?"

"கைல குடு, சொல்றேன்."

"ஏப்ரல்."

"அப்ப ஏப்ரல்ல சொல்றேன். அதுவரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பேட்டரி பத்து மணி நேரம்ங்கிறத எவன் நம்புவான்?"

"ஒம்பதே முக்கால்கூட இல்ல, நிஜமா பத்துப்பா!"

"பாக்கலாம், பாக்கலாம்."

சாப்பாடு முடிந்து இர்மா ஆப்ரிகாட் பழம் வைத்துச் சுட்ட பை எடுத்து வந்தார். கோடையில் பின்பக்க மரத்தில் காய்த்ததை உறைய வைத்திருந்தார். காரினுக்கு இப்போது பேசத் தடையில்லை. பத்து மாதத்துக்கும் சேர்த்துப் பேசினாள். கண்ணாடியைப் பற்றிப் பேசினாள். சார்ஜரைப் பற்றிப் பேசினாள். நிஜமாகவே அவள் சார்ஜரில்தான் இருந்திருக்கிறாள். ரொம்மல் தன் மனைவியின் வேலையை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுநடுவே "ஓ, அன்னைக்கா?" என்றான். "அதுக்காகத்தான் பிறந்த நாளுக்கு வரலையா நீ?" என்றான். அவனுக்குக் கோபமில்லை. பெருமையாக இருந்தது. ஆனால் அவன் பங்குக்குச் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. அவனுடையது இன்னும் வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் தட்டோடு எழுந்து கூடத்துக்குப் போனான். அலமாரியிலிருந்து பெரிய சாலை வரைபடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். ஈஸ்டருக்கு அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கோ போவதாகப் பேச்சு. புத்தகத்தை விரித்தான். குறுக்கெழுத்துப் போட வைத்திருந்த பென்சில் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்தான்.

வெண்டெல் தண்ணீர் எடுக்க எழுந்தவர் கதவருகே நின்றார்.

ரொம்மல் புத்தகத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, நடு மடிப்பைக் கட்டைவிரல்களால் அழுத்தியிருந்தான். பிறகு ஒரு கையை எடுத்தான். இடது பக்கத்தில் ஒரு மலையைப் பென்சிலால் வட்டமிட்டான், தாளில் படாமல். பென்சில் முனையால் அந்த வட்டத்தைப் பிடித்து இழுத்து, மடிப்பைத் தாண்டி, வலது பக்கத்தில் கொண்டுபோய் விட்டான். அது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று குனிந்து பார்த்தான்.

வெண்டெல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்பக்க ஜன்னல் வழியே ஆப்ரிகாட் மரம் தெரிந்தது. ஜனவரி மாதம். அதில் ஓர் இலைகூட இல்லை. அவர் அதையே பார்த்தார்.

புத்தகம் மூடப்படும் சத்தம் கேட்டது.

"என்ன மாமா பாக்குறீங்க?" என்றான் ரொம்மல்.

வெண்டெல் திரும்பவில்லை. சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இர்மா, இன்னைக்கு உருளைக்கிழங்கு ரொம்ப நல்லா இருந்துது."